குடாவில் வெட்டிய கயிறு

மச்சான்,

ஆற்றுக்கு அக்கரையில் உன் மகள் இருக்கிற புரோசார்ட்டுக்குப் போகிற புதுப் பாலத்தைத் திறந்த வருடம் அது. கோடையில் திறந்தார்கள். நீயும் நானும் ஒரு வேலையும் இல்லாமல் பேருந்தில் ஏறி அக்கரைக்குப் போய், இறங்காமலே திரும்பி வந்தோம். அந்த மாரியில், மார்கழி முடிகிற கிழமை, உன் மகளும் மருமகனும் நம் இருவரையும் பாய்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து மூன்று மாதம் ஆகவில்லை, பங்குனியில் நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு எழுத்துத் தெரியாது, தேதியும் தெரியாது. பாலத்துக்கும் முகமூடிக்கும் நடுவில் என்று சொன்னால் எவரும் பிழை பிடிக்க முடியாது.

இப்போது லாசாலில் என் அறையில், சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன். எதிரே உன் மகள் சுமதி. நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்கு நான் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டுமாம்.

"இந்தப் படத்தைத்தான் அட்டையில போடப்போறன், மாமா," என்று ஒரு படத்தை மேசையில் வைத்தாள். அந்தக் குடாவில் எடுத்த படம். கப்பலின் முன்பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருக்கிறாய். காற்று தலைமயிரைக் கிளப்பியிருக்கிறது. சிரிக்கிறாய். உன் முழங்காலுக்குப் பின்னால் கயிறு சுற்றுகிற இரும்புக் கொம்பு. அதன் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு துண்டு. அது ஒரு கத்தியின் பிடி. படத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

எந்த ஒரு விஷயத்துக்காக இவள் தன் பிள்ளையை உன் கையில் தனியே விடாமல் இருந்தாளோ, அந்த விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதை அவள் பிழையாய் விளங்கி வைத்திருக்கிறாள் என்றும், சொல்லி முடிக்கும்வரை பேனையை வைக்கவேண்டாம் என்றும் சொன்னேன்.

"என்ன மாமா, பயப்படுத்திறீங்கள்," என்று சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பயணத்துக்கு உன்னைத்தான் கேட்டார்கள். "அவனும் வந்தால் வாறன்," என்று என் பக்கம் கையைக் காட்டினாய். எனக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட்டில் இவள் போடுகிற சோறுதான் எனக்கு வீட்டுச் சோறு. அதற்கும் என்னை நீதான் கூட்டிக்கொண்டு போவாய்.

உன் மருமகன் எரிக் ஆற்றில் பாய் விரித்து வளர்ந்த கியூபெக் பொடியன். அவனுக்கு நாம் இரண்டு பேருமே மாமா. குவாதலூப் என்கிற பிரெஞ்சுத் தீவில் ஒரு கிழமைக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்தான். தெற்கே இருக்கிற சின்னத் தீவுகளுக்குப் போய் வருவதென்று திட்டம். அவர்களின் பிள்ளை லியாவுக்கு அப்போது ஆறு வயது.

"பாயும் இருக்கு, எஞ்சினும் இருக்கு. வலையைக் காணேல்லை," என்றாய் முதல்நாள். "இவங்கள் கடலுக்கு என்னத்துக்கடா வாறாங்கள்?"

"காத்து வாங்க," என்றேன்.

"காத்து லாசாலிலயும் அடிக்குதே. அதுக்கு மேல்சட்டை வேணும், இதுக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

நாம் சிரிப்பதைக் கண்டு எரிக், "வக்கான்ஸ், மாமா, வக்கான்ஸ்," என்றான். விடுமுறையாம். கடலில் விடுமுறை என்ற பேச்சை நாம் அன்றைக்குத்தான் கேட்டோம்.

மூன்றாம் நாள் அந்தக் குடாவுக்குள் போனோம். மூன்று பக்கமும் மலை. வெளியே கொண்டல் காற்று கப்பலைப் புரட்டி எடுத்தது, உள்ளே வந்ததும் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடந்தது. மலையிடுக்கால் இடைக்கிடை ஒரு குத்துக் காற்று மட்டும் இறங்கும். கரையில் சிவப்புக் கூரை வீடுகள். நங்கூரம் போடத் தேவையில்லை. கடலடியில் கட்டிவிட்ட வெள்ளை மிதவைகள் வரிசையாய் நின்றன. எரிக் ஒன்றைக் கொக்கியால் பிடித்து, முன்பக்கத்து இரண்டு கொம்புகளிலிருந்தும் இரண்டு கயிறு போட்டுக் கட்டினான். கப்பலுக்குப் பின்னால், கொஞ்சத் தூரத்தில், முருகைக்கல் பார், தண்ணீருக்கடியில் கிடக்கிற பவளப் பாறை, கறுப்பாய்த் தெரிந்தது.

"நல்ல இடம்," என்றாய். பிறகு எனக்கு மட்டும் கேட்க, "வாசல் ஒண்டுதான்," என்றாய்.

எனக்கும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மற்றவர்கள் குடாவைப் பார்த்தார்கள். நாம் வாசலைப் பார்த்தோம்.

கயிறு கட்டி முடிந்ததும் நான் கீழே சமையல் பக்கம் போய், மீன் வெட்டுகிற மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்துவந்து கொம்புக்குப் பக்கத்தில் செருகினேன். யோசித்துச் செய்யவில்லை. நம் கடலில் சண்டை நடந்த வருடங்களில் எல்லாப் படகிலும் அப்படித்தான். கயிறு எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே கத்தி. கடற்படை ரோந்துப் படகின் சத்தம் கேட்டால் நங்கூரத்தை இழுத்து ஏற்ற நேரம் இராது. ஒரு வெட்டு, கரையைப் பார்த்து ஓட்டம்.

எரிக் கத்தியைக் கண்டு, "மாமா, மீன் அங்க இல்லை," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுமதி உன்னைப் பார்த்து, "அப்பா, பிள்ளை திரியிற இடம்," என்றாள். நீ என்னைக் காட்டவில்லை. "இருக்கட்டும் பிள்ளை," என்றாய்.

இந்த இடத்தில் சுமதி பேனையை நிறுத்திவிட்டாள். படத்தை எடுத்துக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறாள்.

"அப்ப அது அப்பா வைச்சதில்லையோ?"

"இல்லை. எழுது பிள்ளை. கேள்வி பேந்து."

எழுதுகிறாள். ஆனால் எழுத்து முன்போல ஓடவில்லை. பேனை தாளில் அழுந்துகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

அந்தக் குடாவுக்கு முன்னால் இன்னொரு கடலைச் சொல்லவேண்டும். என் தம்பி யோகன் கடலில் பிடிபட்டவன் என்று இவளுக்குத் தெரியும். எப்படிப் பிடிபட்டான் என்பது நம் இருவருக்கும்தான் தெரியும்.

திருகோணமலைக்கு வடக்கே, நன்றாய் வெயில் ஏறின நேரம். படகில் நீ, நான், யோகன். நங்கூரம் கீழே, வலை வெளியே. முனையைச் சுற்றிக்கொண்டு ரோந்துப் படகு வந்தது. நான் கத்தியை எடுத்துவிட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பொறு. மூண்டு பேரட்டையும் பாஸ் இருக்கு. ஓடினால்தான் சுடுவாங்கள்."

நீ சொன்னது பிழையில்லை. அதற்கு முதல் கிழமை ஓடிய படகு ஒன்று ஓட்டை ஓட்டையாய்க் கரைக்கு வந்ததை நாம் பார்த்திருந்தோம். நின்றோம். வந்தார்கள். யோகனின் பாஸில், கடலுக்குப் போகக் கடற்படை தருகிற அட்டையில், இருந்த படம் உப்புத் தண்ணீர் பட்டு வெளிறிப்போயிருந்தது. முகம் தெரியவில்லை, விசாரித்துவிட்டு விடுவோம் என்று அவனை ஏற்றினார்கள். ஏறும்போது அவன் திரும்பி, "அண்ணை, வலையை விட்டிட்டுப் போயிடாதேங்கோ," என்றான்.

வலையை இழுத்தோம். பின்னேரம் வரைக்கும் அங்கேயே நின்றோம். அவன் வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை.

உன்னை நான் ஒரு சொல் சொன்னதில்லை. நீ பிடிக்காமல் விட்டிருந்தால் என்று வாய் திறந்ததில்லை. ஆனால் இந்த ஊரில், தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கிய இருபது வருடமும், நான் எதையாவது வெட்டக் கத்தி எடுத்தால் நீ மற்றப் பக்கம் திரும்பிவிடுவாய். நான் சொல்லாமல் விட்டது உனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறது.

மறுநாள் மத்தியானம், குடாவில். சுமதி கீழே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எரிக்கும் லியாவும் கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில். பிள்ளை செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டு, தகப்பனின் தோளில் தொங்கிக்கொண்டு கத்திச் சிரித்தது. நீயும் நானும் முன்பக்கத்தில்.

வாசலால் சாம்பல் நிறப் படகு ஒன்று உள்ளே வந்தது. இரட்டை எஞ்சின். நான் பார்க்க முதலே சத்தத்தில் தெரிந்துவிட்டது. கருநீலச் சீருடையில் நாலு பேர். முதல் கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் கடதாசிகளை நீட்டினார்கள். பிறகு இரண்டாவது கப்பல்.

"பேப்பர் பாக்கிறாங்கள்," என்றாய். "வேற ஒண்டும் இல்லை."

"ஓம்," என்றேன்.

"எரிக்கிட்ட எல்லாம் இருக்கு."

"ஓம்."

மூன்றாவது கப்பலில் ஒரு இளந்தாரியை இறங்கச் சொன்னார்கள். தோளில் ஒரு பையோடு சாம்பல் படகுக்குள் காலை வைத்து ஏறினான். எங்கள் கப்பலில் வேறு எவரும் அதைப் பெரிதாய் எடுத்திருக்கமாட்டார்கள். அவன் முத்திரை ஒன்று குத்த மறந்தவன், அவனைக் கரையிலிருந்த அலுவலகத்துக்கு ஏற்றிப்போக இருந்தார்கள் என்று பிறகு எரிக் சொன்னான். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பொடியன் ஏறிவிட்டான். படகு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

கத்தி என் கையில் இருந்தது. எடுத்தது நினைவில்லை. நீ ஒரு முழத் தூரத்தில் இருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். உன் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது, மச்சான். அதை நான் பார்த்தேன்.

இரண்டு கயிற்றையும் வெட்டினேன். சுமதி, எழுது: வெட்டியவன் நான். உன் அப்பா இல்லை.

அவள் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே வீதியில் பேருந்து ஒன்று நின்று போகிறது. நான் மேசையைப் பார்க்கிறேன். "சொல்லுங்கோ," என்றாள். குரல் வேறாய் இருந்தது. எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து மலையிடுக்கால் ஒரு குத்துக் காற்று இறங்கியது. கப்பல் பின்னுக்குப் போனது. நேரே பிள்ளையின் மேல். எரிக் ஒரு சத்தம் போட்டான், பிரெஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளையை ஒரு பக்கம் தள்ளினான். பின்பக்கத்தில் தொங்கிய இரும்பு ஏணியின் விளிம்பு அவள் நெற்றியில் பட்டது. தண்ணீர் சிவந்தது.

சாம்பல் படகு பாய்ந்து வந்தது. சப்பாத்தோடும் சீருடையோடும் ஒருவன் குதித்துப் பிள்ளையைத் தூக்கினான். படகோட்டி தன் படகின் மூக்கை எங்கள் கப்பலின் பக்கத்தில் முட்டுக்கொடுத்து, முருகைக்கல்லுக்கு ஒரு கப்பல் தூரத்தில் எங்களை நிறுத்தினான். நான் எவனுக்குப் பயந்து வெட்டினேனோ அவன்தான் பிள்ளையை எடுத்தான். பிள்ளை தண்ணீரில் இருந்தது எனக்குத் தெரியுமா என்று இத்தனை வருடமும் என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன். வெட்ட முதல் தெரியும். வெட்டின பிறகும் தெரியும். வெட்டுகிற அந்த நேரத்தில் மட்டும் தெரியாது.

"தா," என்று நீ கையை நீட்டினாய். கத்தியைத் தந்தேன். அந்த நேரத்தில் சுமதி படியேறி மேலே வந்தாள். அவள் கண்டது கத்தியும் உன் கையும்தான்.

"அப்பா, ஆர் துரத்தினது? இஞ்ச உங்களை ஆர் துரத்தினது?"

"பழக்கம், பிள்ளை," என்றாய்.

"என்ர பிள்ளை பின்னால நிக்கிறாளெண்டு தெரியாதோ?"

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை உன் காலால் மிதித்தாய். பலமாய் மிதித்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மிதித்தபடியால் மூடினேன் என்று சொன்னால் அதுவும் பொய். மூட எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

பிள்ளைக்குத் தீவு ஆசுபத்திரியில் ஏழு தையல். சீருடைக்காரன் உன் பெயரை எழுதிக்கொண்டான். வெயிலும் வயதும் சேர்ந்தால் இப்படித்தான், நிழலில் வைத்திருங்கள் என்று எரிக்கிடம் சொன்னானாம். நீ அதற்கும் தலையாட்டினாய்.

அதற்குப் பிறகு நடந்ததை இவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், புத்தகத்தில் இருக்கட்டும். கதவு சாத்திய காலத்தில் பிள்ளையை உன்னிடம் கொண்டுவராததற்கு ஊருக்கெல்லாம் இருந்த காரணம் இருந்தது. கதவு திறந்த பிறகு அந்தக் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் லியா, "அம்மப்பா, பார்க்குக்குப் போவமா?" என்பாள். நீ எழும்புவாய். சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வரும்: "இருங்கோ அப்பா, நானும் வாறன்." ஒருநாள் தப்பாமல் வரும். நீ எழும்பின கால் எழும்பினபடி நிற்பாய், அவள் கை கழுவித் துடைத்துக்கொண்டு வரும்வரைக்கும். நான் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை அவள் கடைக்குப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நீயும் அந்த அறையில்தான் இருந்தாய்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, அங்ரியோன் மெட்ரோ நிலைய வாசலில் இருக்கிற வாங்கிலில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்லப்போறன்," என்றேன்.

"சொல்லிப்போட்டு எங்க போவாய்?"

"எங்கயாவது."

"எனக்கு அவள் மகள். கோவிச்சாலும் சோறு போடுவாள். உன்னோட கோவிச்சால் உன்னை ஆர் கூப்பிடுவினம்? பேசாமல் இரு."

பேருந்து ஒன்று வந்தது. நாம் ஏறவில்லை. உன்னை நான் கேட்டேன், இத்தனை காலம் கேட்காததை: "அண்டைக்கு ஏன் நீ என்ர கையைப் பிடிக்கேல்லை? கிட்டத்தானே இருந்தாய்."

"ஒருக்கால் பிடிச்சது போதும்," என்றாய்.

அடுத்த பேருந்தில் ஏறினோம். மாசியில் உனக்கு மூச்சு முட்டி ஆசுபத்திரியில் கிடந்தபோது லியா வந்தாள். இப்போது தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு, வெள்ளை நூல்போல. நீ கையை நீட்டி அதைத் தொட்டாய். பக்கத்தில் சுமதி நின்றாள். அந்த அறையில் நான் சொல்லியிருக்கலாம். உனக்குக் காது கேட்டுக்கொண்டிருந்தது. நான் சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சுமதி பேனையை வைத்தாள். நான் தடுக்கவில்லை. இனிக் கதைக்கிறதையும் எழுதவேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள்.

"லியாவை நான் அப்பாவோட தனிய விடேல்லை, மாமா. ஒருநாளும்."

"தெரியும்."

"நான் வேணுமெண்டுதான் கூடப் போறனான் எண்டு அவருக்கு விளங்கினதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "விளங்கினது," என்றேன்.

அவள் எழும்பிச் சன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேல்சட்டையை எடுத்துவிட்டாள், போகப்போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை, கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து இருந்தாள்.

"இது அச்சில வந்தால் எல்லாரும் வாசிப்பினம். எரிக்குக்கு நான் சொல்லவேணும். லியாவுக்குச் சொல்லவேணும்."

"அதுக்குத்தான் சொன்னனான்."

"அப்பாவுக்குச் சொல்ல ஏலாதே, மாமா."

அதனால்தான் மச்சான், இதை உனக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"முப்பத்தொண்டுக்கு வாங்கோ," என்றாள் கடைசியில். "ஞாயிறு வாங்கோ எண்டு இப்ப என்னால சொல்ல ஏலாது. பேந்து பாப்பம்."

"சரி பிள்ளை."

"கீழ ஆரெண்டு போட? உங்கட பேர் மட்டும் போடவோ, அப்பாவின்ர நண்பர் எண்டு போடவோ?"

நண்பன் என்று போடவேண்டாம், சுமதி. அது உன் அப்பாவின் வாயால் வரவேண்டிய சொல். அந்தக் கடலில் ஒரு படகில் மூன்று பேர் இருந்தோம் என்று போடு. ஒருவன் யோகன், ஏறிப்போனவன், இருக்கிறான் என்றோ இல்லை என்றோ இன்றுவரைக்கும் எவரும் சொல்லவில்லை. ஒருவன் உன் அப்பா, செய்யாததைச் செய்தேன் என்று ஏற்றுக்கொண்டு வாயைத் திறக்காமல் போனவர். மிச்சம் உயிரோடு இருக்கிறவன், கயிற்றை வெட்டியவன், கந்தையா மகன் செல்வராசா.